இருட்டுக்காகப் பூசிய வெள்ளை: ஹெய்யான் அரசவையின் அழகு இலக்கணம்

முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு. இயற்கையான புருவம் ஒரு முடி மிச்சமில்லாமல் பிடுங்கப்பட்டு, அதற்குப் பதிலாக நெற்றியின் மேல்பகுதியில் கரிய தீற்றல் இரண்டு. உதட்டில் கொஞ்சமே கொஞ்சம் சிவப்பு. வாயைத் திறந்தால் பற்கள் கன்னங்கரேல் என்று இருக்கும். தலைமுடி தரையில் கிடந்து இழுபடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஜப்பானிய அரசவையில் பேரழகி என்று பெயர் வாங்கியவள் இப்படித்தான் இருந்தாள்.

இந்த வர்ணனையைக் கேட்டவுடன் பலரும் ‘என்ன விநோதமான ரசனை’ என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஒப்பனையில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. அந்தக் காரணங்களில் பாதி அவர்கள் வாழ்ந்த வீட்டுக்குள் இருக்கிறது. ஆகவே முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்க்க வேண்டும்.

794இல் பேரரசர் கன்மு தன் தலைநகரை ஹெய்யான்-க்யோ என்ற புதிய நகருக்கு மாற்றினார். இன்றைய கியோட்டோ அதுதான். அன்றிலிருந்து 1185 வரையிலான ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளை ஹெய்யான் காலம் என்கிறார்கள். அதற்கு முந்தைய நாரா காலத்தில் ஜப்பானியப் பிரபுக்கள் எல்லாவற்றிலும் சீனத்தின் தாங் அரசவையைப் பார்த்தே நடந்தார்கள். ஒப்பனையும் அப்படித்தான். நாராவில் ஷோசோயின் கருவூலத்தில் பாதுகாக்கப்படும் எட்டாம் நூற்றாண்டுத் தட்டி ஒன்றில் மரத்தடிப் பெண்கள் சிலர் வரையப்பட்டிருக்கிறார்கள். உப்பிய கன்னம், தடித்த புருவம், செக்கச்செவேல் என்ற உதடு, நெற்றியில் பச்சைப் பொட்டு. அச்சு அசல் தாங் அழகிகள். 894இல் சீனத்துக்குத் தூதுக்குழு அனுப்பும் வழக்கம் நின்றது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளூர் ரசனை தலையெடுத்தது. நெற்றிப் பொட்டு போனது, கன்னச் சிவப்பு மங்கியது, கூந்தல் கொண்டையிலிருந்து இறங்கி முதுகில் விழுந்தது.

வெளிச்சம் எட்டாத வீடு

ஹெய்யான் பிரபுக்களின் மாளிகை தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மர வீடு. கூரை வெகுதூரம் வெளியே நீண்டு இறங்கியிருக்கும். உள்ளே நிலையான சுவர்கள் குறைவு. வெளிப்புறம் தூக்கி மாட்டும் மரச் சட்டக் கதவுகள், அதற்கு உள்ளே மூங்கில் தட்டி, அதற்கும் உள்ளே குறுக்குச் சட்டத்தில் துணி தொங்கவிட்ட ‘கிச்சோ’ என்ற திரை, பிறகு மடக்குத் தட்டி. பகல் வெளிச்சம் இந்த அடுக்குகளை எல்லாம் தாண்டி வர வேண்டும். பெண் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அது வந்து சேரும்போது, வெளிச்சம் என்று சொல்வதற்கு அதிகம் மிச்சமிருக்காது. இரவில் எண்ணெய் விளக்குதான்.

அங்கே பெண் தன்னை மறைத்தே வாழ்ந்தாள். உயர்குடிப் பெண்ணின் முகத்தைப் பார்க்க உரிமையுள்ள ஆண்கள் தகப்பனும் கணவனும்தான். கூடப்பிறந்தவன்கூட வளர்ந்த பிறகு திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் பேசுவான். காதல் கடிதத்தில் தொடங்கும். கையெழுத்து, தாளின் நிறம், அதோடு சேர்த்துக் கட்டிய பூங்கொத்து, பாட்டின் நயம், இதெல்லாம் பார்த்து ஒருவன் மனதைப் பறிகொடுப்பான். இரவில் வந்து விடிவதற்குள் போய்விடுவான். மாதக்கணக்கில் பழகியும் காதலியின் முகத்தைச் சரியாகப் பார்க்காதவன் இருந்திருக்கலாம் என்பது கதைக்காகச் சொல்வது இல்லை.

அரசவைச் சீமாட்டி முராசாகி ஷிகிபு 1000ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய ‘கெஞ்சி கதை’யில் இதைக் கண்முன் நிறுத்தும் ஒரு காட்சி உண்டு. நாயகன் கெஞ்சி, காலமான ஓர் இளவரசரின் மகளிடம் இரவுகளில் போய் வருகிறான். பாழடைந்த மாளிகை, வறுமை, பெண்ணோ வாயே திறக்காத கூச்சக்காரி. ஒரு பனி விழுந்த காலையில் அவனே கதவுச் சட்டத்தைத் தூக்கி, ‘வானம் அழகாக இருக்கிறது, வெளியே வந்து பார்’ என்று கூப்பிடுகிறான். பனியின் வெளிச்சம் அவள்மேல் விழுகிறது. உட்கார்ந்த உடம்பு அளவுக்கு மீறி நீளம். மூக்கோ, போதிசத்துவர் ஃபுகென் ஏறிவரும் யானையை நினைவூட்டும் அளவுக்கு நீண்டு, நுனி தொங்கி, சிவந்து கிடக்கிறது. ஆனால் கூந்தல்? அது யாருக்கும் குறைந்ததில்லை. அங்கியின் ஓரத்தில் குவிந்து, அதற்கு அப்பாலும் ஓரடி நீண்டு கிடப்பதைப் பார்த்துக் கெஞ்சி மலைத்துப்போகிறான். அவளுக்கு அவன் வைத்த பெயர் சுயெட்சுமுஹானா, அதாவது சிவப்புச் சாயம் எடுக்கும் குசும்பாப் பூ. அவளைக் கைவிடாமல் கடைசி வரை ஆதரிக்கிறான் என்பது வேறு விஷயம். இருட்டில் எல்லா விதிகளுக்கும் பொருந்தி நின்ற ஒருத்தியை ஒரு நிமிடப் பகல் வெளிச்சம் எப்படிப் புரட்டிப்போடுகிறது என்பதை முராசாகி கொஞ்சமும் இரக்கமில்லாமல் எழுதியிருக்கிறார்.

இப்போது அந்த ஒப்பனைக்கு வருவோம். மங்கலான அறையில் எவ்வளவு சிவந்த மேனியும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். வெள்ளை மட்டுமே தனித்து எழும். முகத்தை வெள்ளையாக்கினால் அது விளக்கொளியைப் பிடித்து நிற்கும். முகம் வெள்ளையான பிறகு இயற்கைப் புருவம் பிரச்சினை. முடிக்கு மேல் பொடி ஒட்டாது, திட்டுத்திட்டாக நிற்கும். அதனால் பிடுங்கினார்கள். பிறகு விளக்குக் கரியைக் குழைத்த மையால் நெற்றியின் மேலே, மயிர்க்கோட்டுக்குப் பக்கத்தில், மங்கிய தீற்றலாக வைத்தார்கள். இயற்கையான இடத்தில் இருக்கும் புருவம் கோபத்துக்கும் வியப்புக்கும் நெளியும். இந்தப் புருவம் நெளியாது. உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் இருப்பதுதான் உயர்குடி நாகரிகம் என்று நினைத்த இடத்துக்கு இது பொருத்தமான புருவம்தான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வரைந்த கெஞ்சி கதையின் ஓவியச் சுருள்களில் எல்லா முகமும் ஒரே மாதிரி இருக்கும். கண்ணுக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கொக்கி. அந்தச் சுருள்கள் நாகோயாவிலும் தோக்கியோவிலும் உள்ள அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. ஓவியருக்கு முகம் வரையத் தெரியாமல் அப்படிச் செய்யவில்லை. ஒரே கோடு போலத் தெரியும் கண், உண்மையில் மயிரிழை போன்ற பல கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்து உண்டாக்கியது. தனி முகத்தை வரைவது மரியாதைக் குறைவு என்ற எண்ணமும் அதில் இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. பார்க்கக் கூடாத முகத்தை எப்படி வரைவது?

முடியும் கைநுனியும்

முகம் ஒளிந்துகொண்டதால் அழகின் பாரம் முழுவதும் கூந்தல்மேல் இறங்கியது. நேராக, கருகருவென்று, அடர்த்தியாக, தன் உயரத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். முராசாகி தன் நாட்குறிப்பில் உடன் பணியாற்றிய சீமாட்டிகளை ஒவ்வொருவராக வர்ணிக்கும்போது கூந்தலின் நீளத்தைத் துணி அளப்பதுபோல அளந்து சொல்கிறார். ஒருத்திக்குக் கூந்தல் அவள் உயரத்தைவிட மூன்று அங்குலம் அதிகம். அந்த மூன்று அங்குலம் பதிவுசெய்ய வேண்டிய செய்தியாக இருந்திருக்கிறது.

பேரரசர் முராகாமியின் துணைவியரில் ஹோஷி என்பவரைப் பற்றி ‘ஓககாமி’ என்ற பழைய வரலாற்று நூல் சொல்லும் கதை ஒன்று உண்டு. அவர் அரண்மனைக்குப் போக வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கூந்தலின் நுனியோ இன்னும் வீட்டின் உள்ளறைத் தூண் அடியில் கிடந்ததாம். ஒரே ஒரு முடியை எடுத்து ஒரு தாளின்மேல் சுருட்டி வைத்துப் பார்த்தார்களாம், வெள்ளை இடமே தெரியவில்லையாம். இது மிகைதான், சந்தேகமில்லை. ஆனால் எதை மிகைப்படுத்திப் புகழ்கிறார்கள் என்பதில் அந்தக் காலம் தெரிகிறது. அவருடைய கண்ணின் கடைக்கோடி சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருந்ததாகவும், அது பேரரசரை இன்னும் மயக்கியதாகவும் அதே நூல் சொல்கிறது. எத்தனை இலக்கணம் வகுத்தாலும் ஒரு தனி மனுஷியின் ஒரு தனி அடையாளம் எப்படியோ கசிந்து வெளியே வந்துவிடுகிறது. அந்த நூலில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி அதுதான். கூடவே, ‘கோகின்ஷு’ பாடல் தொகுப்பின் இருபது பாகங்களும் அவருக்கு மனப்பாடம். அதையும் அவருடைய அழகின் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார்கள்.

இந்தக் கூந்தலைப் பராமரிப்பது ஒரு தொழில் மாதிரி. அரிசி கழுவிய நீரைத் தனிப் பாத்திரத்தில் எடுத்துவைத்து, அதைத் தொட்டுத் தொட்டுச் சீவுவார்கள். தலை குளிக்க நல்ல நாள் பார்க்க வேண்டும். குளித்தால் காய்வதற்கு ஒரு பகல் போய்விடும். பணிப்பெண்கள் இல்லாமல் இது நடக்காது. சமையல் செய்கிறவள், வயலில் நாற்று நடுகிறவள், தண்ணீர் சுமக்கிறவள் இப்படிக் கூந்தல் வளர்க்க முடியாது. நகர வேண்டிய அவசியமே இல்லாதவர்களின் அழகு அது. வெள்ளை முகமும் அப்படியே: வெயில் படாதவள் என்பதற்கான அத்தாட்சி.

இதில் தப்பிக்க முடியாத கொடுமை ஒன்று உண்டு. செய் ஷோனகோன் தன் ‘தலையணைக் குறிப்புகள்’ நூலில், அரசி தெய்ஷியிடம் முதன்முதலாகப் பணிக்குச் சேர்ந்த நாட்களை எழுதுகிறார். வெட்கத்தில் அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. இரவில் மட்டும் போய் ஒரு திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். ஆனால் விளக்கை உயரம் குறைந்த தண்டில் வைத்திருக்கிறார்கள். தலைமுடியின் ஒவ்வோர் இழையும் பகலைவிடத் துல்லியமாகத் தெரிகிறது, கூசிப்போகிறது என்கிறார். குளிர்காலம். அரசி ஓவியங்களை எடுத்துக் காட்டுகிறார். சட்டைக் கைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் அவருடைய விரல்களின் இளஞ்சிவப்பைப் பார்த்து, ‘உலகத்தில் இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா’ என்று பிரமித்துப்போகிறார் செய். ஒரு கையின் நுனி, அவ்வளவுதான் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

கைநுனியோடு சட்டைக்கையின் ஓரமும் சேர்ந்தது. அடுக்கடுக்காக உடுத்திய பட்டு அங்கிகளின் ஓரங்கள் மூங்கில் தட்டிக்குக் கீழே வழிந்து வெளியே தெரியும்படி உட்காருவார்கள். எந்த நிறத்தின்மேல் எந்த நிறம், எந்தப் பருவத்தில் எது என்று விதிகள் உண்டு. ஒருமுறை இரண்டு பெண்கள் உயரதிகாரிகளின் முன்னால் வர வேண்டியிருந்தது. சட்டைக்கை ஓரத்து நிறச் சேர்க்கை கொஞ்சம் சோபிக்கவில்லை என்று பிற்பாடு அது பேச்சாகிவிட்டது. ‘அவ்வளவு பெரிய தவறொன்றும் இல்லை’ என்று முராசாகி பரிந்து எழுதுகிறார்.

வாசனையும் இதே வரிசைதான். அகில், சந்தனம், கிராம்பு, கஸ்தூரி ஆகியவற்றை இடித்து, தேனில் பிசைந்து உருட்டி, தணலில் புகைய வைத்து, ஆடைக்கும் கூந்தலுக்கும் ஏற்றுவார்கள். இந்தப் பொருள்களில் பெரும்பாலானவை ஜப்பானில் விளையாதவை. தென்கிழக்காசியாவிலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் கடல்வழியாகச் சீனம் போய், அங்கிருந்து கியோட்டோ சேர்ந்தவை. ஆள் யாரென்று முகம் பார்த்து அறிய வழியில்லாத இருட்டில், வாசனையை வைத்து அறிந்தார்கள்.

கருப்புப் பற்கள்

நம் காலத்துக் கண்ணுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக உறுத்துவது பல் கருப்பாக்கும் வழக்கம். ஓஹகுரோ என்று அதற்குப் பெயர். முறை எளிது. இரும்புத் துண்டுகளைக் காடி, தேநீர், மது போன்றவற்றில் ஊறப்போட்டுப் பல நாள் வைத்தால் பழுப்பு நிறமான, குமட்டும் நாற்றமுள்ள ஒரு திரவம் கிடைக்கும். அதோடு, மாசிக்காயைப் போலப் பூச்சியால் மரத்தில் உண்டாகும் புடைப்பின் பொடியைச் சேர்த்து மாற்றி மாற்றிப் பல்லில் பூசுவார்கள். பொடியின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத கருப்பு உண்டாகும். நம்மூர்ச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரித் துணிக்குக் கருப்புக் கோடு இழுக்கிறார்களே, அதே வேதியியல்தான்: கடுக்காய் ஏற்றிய துணிமேல், வெல்லத்தில் இரும்பை ஊறவைத்த நீரால் வரைந்தால் தொட்ட இடமெல்லாம் கருக்கும். பல்லில் அந்தக் கருப்பு சில நாளில் மங்கும், திரும்பப் பூச வேண்டும். அந்தப் படலம் பல்லைச் சொத்தை விழாமல் காத்தது என்பது கூடுதல் நன்மை.

ஏன் கருப்பு? வெள்ளைப் பொடி பூசிய முகத்தில் இயற்கையான பல் மஞ்சளாகத்தான் தெரியும். கருப்பாக்கிவிட்டால் மங்கிய அறையில் வாய்க்குள் எதுவுமே தெரியாது, முகத்தின் வெண்மை தடையில்லாமல் நிற்கும். இதோடு வயதும் சேர்ந்தது. பெண் பருவமடைந்து, பெரியவர்களின் ஆடை உடுத்தும் சடங்கை ஒட்டிப் புருவம் எடுப்பதும் பல் கருப்பாக்குவதும் நடந்தன. கெஞ்சி தன் வீட்டில் வளர்க்கும் சிறுமிக்கு, பாட்டி பழைய காலத்து மனுஷி என்பதால், இன்னும் பல் கருப்பாக்கவில்லை. அவன் அதைச் செய்விக்கிறான். புருவமும் எடுப்பாகி அவள் இன்னும் அழகாகிவிட்டதாகக் கதை சொல்கிறது. பத்து வயதையொட்டிய குழந்தை அவள். அதைப் படிக்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த அழகு இலக்கணத்தின் காரணங்களை விளங்கிக்கொள்ள முடிகிறது, ஆனால் அது யார் உடம்பின்மேல், யார் சொல்லி எழுதப்பட்டது என்பதும் கூடவே தெரிகிறது.

சரி, இது அன்றாட வாழ்வில் எப்படி இருந்தது? முராசாகியின் நாட்குறிப்பு இன்னொரு கதவைத் திறக்கிறது. 1008ஆம் ஆண்டின் கடைசி இரவு. பேய்விரட்டும் சடங்கு சீக்கிரமே முடிந்துவிட்டது. முராசாகி தன் அறையில் பல் கருப்பாக்கிக்கொண்டு, இன்னும் சில சின்னச் சின்ன அலங்காரங்களைச் செய்தபடி ஓய்வாக உட்கார்ந்திருக்கிறார். தோழி ஒருத்தி வந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுத் தூங்கிப்போகிறாள். பக்கத்தில் ஒரு பெண் ஒரு சிறுமிக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறாள். திடீரென்று அரசியின் பக்கமிருந்து பயங்கரமான அலறல். தீப்பிடித்துவிட்டதா? இல்லை. நடுங்கிக்கொண்டே போய்ப் பார்த்தால் இரண்டு பணிப்பெண்கள் உடம்பில் துணியில்லாமல் சுருண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். திருடர்கள் அவர்களுடைய ஆடைகளை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். காவலர்கள் சடங்கு முடிந்ததும் கிளம்பிவிட்டிருந்தார்கள். பட்டு அங்கி என்பது உயிரைப் பணயம் வைத்து அரண்மனைக்குள் நுழைந்து திருடத்தக்க சொத்து என்பது அந்த ஒரு பக்கத்தில் பளிச்சென்று விளங்கிவிடும்.

இந்த விதிகளை எல்லாரும் வாய்மூடி ஏற்றார்கள் என்றும் சொல்ல முடியாது. ‘புழுக்களை நேசித்த இளவரசி’ என்று ஒரு சிறுகதை ‘த்சுத்சுமி சூனகோன்’ கதைத் தொகுப்பில் இருக்கிறது. அதன் நாயகி கம்பளிப்பூச்சிகளைப் பிடித்து வளர்க்கிறாள். புருவம் பிடுங்க மாட்டாள், ‘ஒப்பனை என்பது பொய்’ என்கிறாள். பல் கருப்பாக்குவது தொல்லை, அழுக்கு என்று விட்டுவிடுகிறாள். வெள்ளைப் பல் தெரியச் சிரித்தபடி பூச்சிகளோடு பொழுதைக் கழிக்கிறாள். பணிப்பெண்கள், அவள் புருவமே கம்பளிப்பூச்சி மாதிரிதான் இருக்கிறது என்று முணுமுணுக்கிறார்கள். பெற்றோர் கண்டித்தால் அவளிடம் பதில் தயாராக இருக்கிறது: நீங்கள் உடுத்தும் பட்டு, புழுவாக இருக்கும்போது அது செய்தது, சிறகு முளைத்துப் பட்டாம்பூச்சியான பிறகு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. எழுதியவர் அவளைக் கேலி செய்யத்தான் நினைத்தாரா, மனதுக்குள் மெச்சினாரா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அந்தப் பதிலை இவ்வளவு கூர்மையாக எழுதியவர் அவளை வெறுத்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

ஆண்களும் இதற்கு வெளியே இல்லை. புத்தாண்டின் ஏழாம் நாள் குதிரை ஊர்வலத்தைப் பார்க்கப்போன செய் ஷோனகோன், குதிரைச் சேவகர்களின் முகத்தைப் பக்கத்தில் பார்த்துவிட்டு முகம் சுளிக்கிறார். பொடி எட்டாத இடங்களில் கருத்த தோல் தெரிகிறது, அங்கங்கே பனி கரைந்து மண் தெரிகிற நிலம் போல இருக்கிறது என்கிறார். பகல் வெளிச்சத்தில் வெள்ளைப்பொடி என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது. காலப்போக்கில் பிரபுக்களும் பல் கருப்பாக்கத் தொடங்கினார்கள். 1184இல் இன்றைய கோபே நகருக்குப் பக்கத்தில் இச்சி-நொ-தானி போர். தோற்ற தைரா படையைச் சேர்ந்த ஒருவனைக் கடற்கரையில் மடக்கிக் கீழே தள்ளித் தலைக்கவசத்தைத் தள்ளிப் பார்க்கிறான் குமகாய் நவோசானே என்ற வீரன். பதினாறு, பதினேழு வயதுப் பையன். மெல்லிய பொடிப்பூச்சு, கருப்பாக்கிய பல். தன் மகன் வயது. விட்டுவிடத்தான் நினைக்கிறான், பின்னால் தன் பக்கத்துப் படை வருகிறது, வேறு வழியில்லாமல் வெட்டுகிறான். ‘ஹெய்க்கே கதை’ சொல்லும் அட்சுமோரியின் சாவு இது. அடுத்த ஆண்டு தைரா குலமே அழிந்தது, அரசவையின் அதிகாரம் போர்வீரர்களின் கைக்குப் போனது.

பொடியில் இருந்த ஈயம்

அரசவை ஒடுங்கினாலும் அதன் அழகு இலக்கணம் சாகவில்லை. கீழே இறங்கிப் பரவியது. ஒரு காலத்தில் இளவரசிக்கு உரியதாக இருந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிகர் வீட்டு மருமகள் வரைக்கும் வந்துவிட்டது. எடோ காலத்தில் (1603–1868) கருப்புப் பல் மணமானவள் என்பதன் அடையாளம். வெள்ளைப்பொடி எல்லாருக்கும். ‘நிறம் வெளுப்பாக இருந்தால் ஏழு குறை மறையும்’ என்று அவர்களிடம் பழமொழியே உண்டு. வெயில் எட்டாத வீட்டுக்குள் பிறந்த ஒப்பனை இப்போது கடைத்தெருவுக்கும் நாடக மேடைக்கும் வந்துவிட்டது. கழுத்து, தோள், மார்பு வரைக்கும் பூசினார்கள்.

அந்தப் பொடி என்ன? அரிசி மாவும் தினை மாவும் எளியவர்களுக்கு. பாதரச உப்பிலிருந்து செய்த ஒரு வகை இசே பகுதியிலிருந்து வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஈய வெள்ளை. ஈயத் தகட்டைக் காடியின் ஆவி படும்படி கரியடுப்பின் மேல் வைத்தால் அதன்மேல் வெள்ளையாகப் பூக்கும். அதைச் சுரண்டிக் கழுவிப் பொடியாக்க வேண்டியதுதான். 692இல் கன்ஜோ என்ற துறவி இதைத் தயாரித்துப் பேரரசி ஜிதோவின் பாராட்டும் பரிசும் பெற்றதாக ‘நிஹோன் ஷோகி’ என்ற பழைய வரலாற்று நூல் பதிந்திருக்கிறது. அரிசிப் பொடி வியர்வையில் உதிரும். ஈய வெள்ளை பட்டுப்போல இழையும், தோலை அப்படியே மூடும், விரைவில் கலையாது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அதை விட்டுவிட யாருக்கும் மனம் வராமல் போனதற்கு இந்தக் குணங்களே காரணம்.

அதற்கு விலை கொடுத்தது குழந்தைகள். தாயின் கழுத்திலும் மார்பிலும் பூசியிருந்த பொடி, பால் குடிக்கும்போது குழந்தையின் வாய்க்குப் போனது. கியூஷு தீவின் கொகுராவில் எடோ காலச் சாமுராய்க் குடும்பங்களின் கல்லறைகளிலிருந்து எடுத்த எலும்புகளை ஆராய்ந்தபோது, பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் எலும்பில் ஈயம் பல மடங்கு அதிகமாக இருந்தது. வயது குறையக் குறைய அளவு கூடியது. தாழ்ந்த குடிகளைவிட வசதியுள்ள வீடுகளில்தான் இந்தப் பொடி தாராளமாகப் புழங்கியது என்பதை நினைத்துப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

மேற்கத்திய நாடுகளோடு பழக்கம் ஏற்பட்ட மேய்ஜி காலத்தில் முதலில் மாறியது பல்தான். 1870இல் பிரபுக்கள் பல் கருப்பாக்குவதும் புருவம் எடுப்பதும் தடை செய்யப்பட்டது. 1873 மார்ச்சில் பேரரசியே வெள்ளைப் பல்லோடு வெளியே வந்தார். அதன் பிறகு சாதாரணப் பெண்களும் மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள். தீங்கில்லாத வழக்கம் இப்படி அரசாணையால் சீக்கிரம் போனது. உண்மையில் ஆளைக் கொன்றுகொண்டிருந்த வெள்ளைப்பொடி மட்டும் அப்படியே இருந்தது. வெளிநாட்டார் கண்ணுக்குக் கருப்புப் பல் அவமானமாகத் தெரிந்தது, வெள்ளை முகம் தெரியவில்லை. சீர்திருத்தம் எங்கே தொடங்கியது என்பதற்கு இதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

1887 ஏப்ரலில் வெளியுறவு அமைச்சர் இனோவே கவோருவின் மாளிகையில் பேரரசர் மேய்ஜி முதன்முறையாகக் கபுகி நாடகம் பார்த்தார். யோஷிட்சுனே வேடத்தில் நின்ற இளம் நடிகர் நகாமுரா ஃபுகுசுகேயின் கால் நிற்காமல் நடுங்கியது. பேரரசர் முன்னிலையில் வந்த பதற்றம் இல்லை அது. நாள்பட்ட ஈய நஞ்சு என்று மருத்துவர்கள் கண்டார்கள். பெண் வேடங்களுக்காகச் சிறு வயதிலிருந்தே பூசிய பொடி. ஊரே பேசியது. ஈயம் இல்லாத பொடிக்கான தேடல் அதிலிருந்து சூடுபிடித்து, 1904இல் அப்படி ஒன்று நல்ல தரத்தில் விற்பனைக்கும் வந்தது. இதற்கிடையில் 1900இல் அரசு நச்சு நிறமிகளைக் கட்டுப்படுத்த விதி கொண்டுவந்தது. ஆனால் ஈய வெள்ளைக்கு ‘தற்போதைக்கு’ விலக்கு அளித்தது. மாற்றுப்பொடி இழையவில்லை, ஒட்டவில்லை என்ற புகார் ஒரு பக்கம், ஈயப்பொடி விற்பவர்களின் பிழைப்பு இன்னொரு பக்கம்.

அந்தத் ‘தற்போதைக்கு’ முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அந்த ஆண்டுகளில் ஜப்பானியக் கைக்குழந்தைகளிடம் மூளைக்காய்ச்சல் போன்ற ஒரு நோய் பரவலாக இருந்தது. காரணம் தெரியாமல் மருத்துவர்கள் திணறினார்கள். 1923இல் கியோட்டோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவர் ஹிராய் இகுதாரோ அது ஈய நஞ்சு என்றும், வந்த வழி தாயின் வெள்ளைப்பொடி என்றும் நிறுவினார். ஹெய்யான் பிரபுக்களின் தலைநகராக இருந்த அதே ஊரில் அந்த உண்மை வெளியானது. அதற்குப் பிறகும் ஈய வெள்ளை கடைகளில் விற்றது. உற்பத்திக்கும் விற்பனைக்கும் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 1930களின் நடுவில்தான்.